பள்ளி வாசல் கேட்டிலிருந்து தொடங்குங்கள்: பள்ளியில் போக்குவரத்து, சுற்றுச்சூழல் நிகழ்ச்சி நடத்த முழுமையான வழிகாட்டி

பள்ளிகளில் இந்தத் தலைப்பில் நடக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை பேச்சில் தொடங்கி, ஓவியப் போட்டியில் நடந்து, மரக்கன்றில் முடிகின்றன. மறுநாள் காலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் அந்தக் கேட்டில் போய் நின்று பாருங்கள், ஒன்றும் மாறியிருக்காது. காரணம் பிள்ளைகளின் அக்கறையின்மை அல்ல, வரிசை தப்பாக இருப்பதுதான். முதலில் எண்ண வேண்டும், அப்புறம் கணக்குப் போட வேண்டும், பேச்சு அதற்கும் பிறகுதான்.

இது ஆசிரியர்களுக்கும், தேசிய பசுமைப் படை (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) பொறுப்பாளர்களுக்கும், வெளியிலிருந்து போகும் தன்னார்வலர்களுக்கும் எழுதியது. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் உள்ள பள்ளிகளை மனதில் வைத்திருக்கிறேன். 7, 8-ஆம் வகுப்புகள்தான் மிகப் பொருத்தம். கணக்கு வரும், கூச்சம் குறைவு, பொதுத்தேர்வு அழுத்தமும் இல்லை.

1. போவதற்கு முன்னால்

தலைமையாசிரியரிடம் நேரில் பேசுங்கள். கையில் ஒரு பக்கத் திட்டம் இருக்கட்டும்: எந்த வகுப்பு, எத்தனை பீரியட், பிள்ளைகள் வளாகத்துக்கு வெளியே போவார்களா, போட்டோ எடுப்பீர்களா. அரசுப் பள்ளி என்றால் வெளியாட்கள் வகுப்பெடுக்க மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் அனுமதி வேண்டுமா என்று அவரிடமே கேட்டு, வேண்டுமென்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தப்படும் நிகழ்ச்சியைவிடத் தள்ளிப்போன நிகழ்ச்சி நல்லது.

நான்கு வாரத்துக்கு வாரம் இரண்டு பீரியட் கேளுங்கள். ஒரே நாளில் முழுதையும் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் எண்ணுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் நடுவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வர வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்கள் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் வேண்டாம். மழை நாளில் சைக்கிளில் வரும் பிள்ளையும் அப்பா வண்டியில் வந்துவிடும், கணக்கு குலைந்துவிடும்.

ஒரு ஆசிரியர் கண்டிப்பாக உடன் இருக்க வேண்டும், அறிவியல் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கணக்கு ஆசிரியர் கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் போன பிறகு இதைத் தொடரப்போவது அவர்தான்.

பொருட்கள்: வரைபடத்தாள், வெள்ளை அட்டை, வாஸ்லின் ஒரு டப்பா, நூல், பூதக்கண்ணாடி இரண்டு, சார்ட், ஸ்கெட்ச் பேனா. புரொஜெக்டர் தேவையில்லை. அதை நம்பிப் போனால் கரண்ட் போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

2. கையைத் தூக்கச் சொல்லி எடுக்கும் கணக்கு

வகுப்பில் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். மாசு, புகை, வெப்பமயமாதல் என்று ஒரு சொல்கூட அதற்கு முன் வரக்கூடாது. வந்துவிட்டால் எந்தப் பதிலை நீங்கள் விரும்புகிறீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், டூவீலரில் வந்தவர்கள் பாதிப் பேர் நடந்து வந்ததாகச் சொல்வார்கள். பிறகு வரும் எல்லாக் கணக்கும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கும்.

கேள்வி இப்படி இருக்கட்டும்: "இன்னைக்குக் காலையில ஸ்கூலுக்கு எப்படி வந்தீங்க?" வழக்கமாக எப்படி வருவீர்கள் என்று கேட்காதீர்கள். வழக்கம் என்பதைப் பிள்ளைகள் யோசித்துச் சொல்வார்கள், இன்று காலை நடந்தது நினைவிலிருந்து வரும்.

பதில் வகைகளை முதலில் எல்லாவற்றையும் வாசித்துவிடுங்கள்: நடை, சைக்கிள், அரசுப் பேருந்து, பள்ளி பஸ் அல்லது வேன், ஆட்டோ அல்லது ஷேர் ஆட்டோ, டூவீலர், கார். முழுப் பட்டியலும் தெரியாவிட்டால் முதலில் வருவதற்கே கையைத் தூக்கிவிடுவார்கள். பாதித் தூரம் நடை, பாதித் தூரம் பஸ் என்றால் எதில் அதிகத் தூரம் வந்தார்களோ அதில் சேருங்கள்.

அப்புறம் எல்லோரும் தலையை டெஸ்க்கில் சாய்த்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகையாகச் சொல்லச் சொல்லக் கை மட்டும் மேலே வரட்டும். கண் திறந்திருந்தால் ஒரு பிள்ளை கையைப் பாதி தூக்கி, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, மெதுவாக இறக்குவதைப் பார்க்கலாம். கூட்டுத்தொகை அன்றைய வருகைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் அப்போதே மறுபடி எடுங்கள்.

அடுத்து, "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போனீங்க?" இதைப் புதியவர்கள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள். காலையில் அப்பா வேலைக்குப் போகும் வழியில் வண்டியில் இறக்கிவிட்டுப் போவார், மாலையில் அதே பிள்ளை தோழியோடு நடந்தே போகும். காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் வேறாக இருந்தால், அந்த வித்தியாசத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தூரம் தடையில்லை என்று அர்த்தம். மாற்றம் அங்கேதான் எளிது.

யார் வீட்டில் கார் இருக்கிறது என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நடந்து வருபவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைக்காதீர்கள். நடந்து வரும் பிள்ளைகளில் பலர் வேறு வழி இல்லாததால் நடக்கிறார்கள். அந்தக் கைதட்டல் அவர்களுக்குப் பாராட்டாகப் போய்ச் சேராது.

3. கேட்டில் எண்ணுவது

இது இரண்டாவது நாள் வேலை. மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம். பிள்ளைகள் வளாகத்துக்கு உள்ளேதான் நிற்க வேண்டும், ரோட்டில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது, கேட்டில் ஆசிரியர் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குச் சின்ன அடிபட்டாலும் அந்தப் பள்ளியில் இனி எந்த நிகழ்ச்சிக்கும் கதவு திறக்காது, திறக்காததில் நியாயமும் இருக்கிறது.

இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு வகை வண்டி: ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் நேர்க்கோட்டுக் குறி போட வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் எண்ணினால் மணி அடிக்கப் போகும் கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் கலந்துவிடும். அந்தப் பத்து நிமிடம்தான் நமக்கு முக்கியம்.

வண்டியை மட்டும் எண்ணினால் போதாது, அதில் வந்த பிள்ளைகளையும் எண்ண வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு, ஹேண்டில்பாரில் மூன்று பை என்று வரும் வண்டியும், ஒரே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் காரும் வண்டிக் கணக்கில் ஒன்று ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு எரிபொருள் என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இன்னும் இரண்டு ஜோடிகளுக்கு வேறு வேலை. ஒன்று, ஹாரன் சத்தத்தை எண்ணுவது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், அங்கே பகல் நேர வரம்பு 50 டெசிபல். போனில் டெசிபல் ஆப் போட்டு அளப்பதைவிட ஹாரனை எண்ணுவது நம்பகமானது, போனுக்குப் போன் காட்டும் எண் மாறும். இன்னொன்று, இஞ்ஜினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளை எண்ணுவது. எட்டாவது படிக்கும் பிள்ளைகள் இதில் காட்டும் கூர்மை ஆச்சரியமாக இருக்கும். வேன் டிரைவர் பெயரோடு வந்து சொல்வார்கள். பெயரை எழுதவிடாதீர்கள், எண் மட்டும் போதும்.

4. வரும் வழியை வரைவது

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பள்ளி வரை வரும் வழியை ஒரு தாளில் வரையட்டும். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு எண், முழு முகவரி வேண்டாம், தெருமுனை போதும். இந்தத் தாள்கள் சுவரில் ஒட்டப்படும், பலர் பார்ப்பார்கள்.

வழியில் பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி, பிடித்த இடத்தில் பச்சைப் புள்ளி. பிள்ளைகள் வரைந்து முடித்ததும் எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, பள்ளியைச் சுற்றிய ஒரு பெரிய படத்துக்குப் புள்ளிகளை மாற்றுங்கள். நாய்கள் இருக்கும் சந்து, மூடி இல்லாத சாக்கடை, டாஸ்மாக் முனை, மணல் லாரி திரும்பும் வளைவு எல்லாம் அதில் வந்து விழும்.

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. ஒரு பிள்ளை ஏன் வண்டியில் வருகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் சோம்பலில் இல்லை, இந்தச் சிவப்புப் புள்ளிகளில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் "நடந்து வாருங்கள்" என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் அம்மா உங்களைவிடச் சரியாக யோசித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பஸ்ஸைத் தனியாகக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. இருந்தும் பஸ்ஸில் வராதவர்களிடம் காரணம் கேட்டால், பஸ் வருவது மணி அடித்த பிறகு என்பார்கள், அல்லது கூட்டத்தில் ஏற முடியவில்லை என்பார்கள், அல்லது பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் நிறுத்தாமல் போகிறது என்பார்கள். எந்த ஊர், எந்த நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள், எட்டாவது படியில் தேவைப்படும்.

5. ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

முந்தின நாளே வீட்டுப்பாடம் கொடுத்துவிடுங்கள்: வீட்டிலிருந்து பள்ளி எத்தனை கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருகிறது. வீட்டில் வண்டி இல்லாத பிள்ளைகளுக்கு, பக்கத்து ஆட்டோக்காரரிடம் கேட்டு வரச் சொல்லலாம். அதுவும் நல்ல பேட்டியாக அமையும்.

கணக்குக்கு இரண்டு எண் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ.

உடனே ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோகூட எடை இல்லையே, அதிலிருந்து எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும்? அருமையான கேள்வி, பதில் தயாராக இருக்கட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட, அதில் கார்பன் சுமார் 630 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. 630-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,310 கிராம். மீதி எடை காற்றிலிருந்து வந்தது. இதைப் போர்டில் போட்டுக் காட்டாமல் தாண்டாதீர்கள், அந்த 2.3 வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. வீடு 3 கிலோமீட்டர். அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார், மாலையிலும் அப்படியே. பிள்ளை பயணம் செய்வது 6 கிலோமீட்டர், வண்டி ஓடுவது 12. இந்தத் திரும்பும் தூரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், கணக்கு அங்கேயே பாதியாகிவிடுகிறது. ஆனால் அப்பா அதே வழியாக வேலைக்குப் போகிறவர் என்றால் முழுத் தூரத்தையும் பிள்ளை தலையில் கட்டக்கூடாது, அதையும் சொல்லிக்கொடுங்கள்.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டி என்றால் ஒரு நாளைக்கு 0.27 லிட்டர், சுமார் 600 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 200 வேலை நாளுக்கு 53 லிட்டர், 120 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,300 ரூபாய். இதே தூரத்தை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஓடினால் எல்லாம் மும்மடங்கு.

பஸ்ஸுக்கு: லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர், உள்ளே 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 11 கிராம், 6 கிலோமீட்டருக்கு 65 கிராம். பைக்கில் வந்த 600 கிராமுக்குப் பக்கத்தில் இதை எழுதும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். பஸ்ஸில் பத்துப் பேர்தான் என்றால் என்ன ஆகும் என்று அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் என்றாலே நல்லது என்றில்லை, நிறைந்த பஸ் நல்லது.

ரூபாய்க் கணக்கை விட்டுவிடாதீர்கள். கார்பன் கணக்கு வீட்டுக்குப் போய்ச் சேராது, 5,300 ரூபாய் போய்ச் சேரும்.

6. தூசி அட்டை

உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை, மேலே மெல்லிய வாஸ்லின் பூச்சு. நான்கு இடம்: கேட், ரோட்டுப் பக்க வகுப்பு ஜன்னல், விளையாட்டுத் திடலின் உள்மரம், மூடிய அலமாரி. ஒரே உயரத்தில் கட்டுங்கள், இரண்டு நாள் விடுங்கள். அட்டைக்குப் பின்னால் இடத்தின் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள். வாஸ்லினைத் தடிமனாகப் பூசினால் வெயிலில் வழிந்துவிடும்.

அலமாரி அட்டைதான் ஒப்பீட்டுக்கு ஆதாரம். அதில் ஒன்றும் படியவில்லை என்று காட்டினால்தான் மற்றதில் இருப்பது காற்றில் வந்தது என்று சொல்ல முடியும். சென்டிமீட்டர் கட்டம் போட்ட ஒளிபுகும் தாளை மேலே வைத்து, ஐந்து கட்டத்தில் உள்ள புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, கேட் அட்டையைத் தூக்கிப் பிடித்து "பாருங்கள், வண்டிப் புகை" என்று சொல்வது. அதில் பெரும்பகுதி மண் தூசி. வண்டிகள் கிளப்பியது, டயரும் பிரேக்கும் தேய்ந்தது, கொஞ்சம் கரி. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் பி.எம். 2.5 துகள் 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோதான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. அட்டையில் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் சொல்லிப் பழக்கினால், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய அறிவியல் பாடம் வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டு நிலையம் இருந்தால் மத்திய வாரியத்தின் சமீர் ஆப்பில் எண்ணைப் பார்க்கலாம். பி.எம். 2.5-க்கு 24 மணி நேர இந்திய வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. நிலையம் இல்லாத ஊரில் சென்னை எண்ணைக் காட்டி உங்கள் ஊருக்குப் பொருத்தாதீர்கள்.

7. இப்போது பேசுங்கள்

அரை மணி நேரம் போதும். பிள்ளைகள் எடுத்த எண்களைச் சார்ட்டில் எழுதி, அதைச் சுற்றியே பேசுங்கள். ஒரு குழப்பத்தை மட்டும் கட்டாயம் தீர்க்க வேண்டும். கறுப்புப் புகை வேறு, கார்பன் டை ஆக்சைடு வேறு. புகையும் துகளும் கேட்டில் நிற்கும் பிள்ளையை இன்றைக்கே இரும வைக்கும், மழை பெய்தால் குறையும். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, பூமியைச் சூடாக்கும், போய்விடாமல் நெடுங்காலம் தங்கும். புகை வராத புது வண்டியும் லிட்டருக்கு அதே 2.3 கிலோவைத்தான் விடுகிறது.

மேல் வகுப்பில் பேசினால் வயதுச் சட்டத்தையும் சொல்லுங்கள். 18 வயதுக்குள் 50 சி.சி.-க்கு மேற்பட்ட பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

8. ஒரே ஒரு மாற்றம்

சார்ட்டைப் பார்த்து, இரண்டு வாரத்தில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். பத்து உறுதிமொழி எடுத்தால் ஒன்றும் நடக்காது. வழக்கமாகப் பலன் தருபவை:

கேட்டுக்கு 100 மீட்டர் தள்ளி இறக்கிவிடுவது. தூரத்திலிருந்து வரும் குடும்பத்துக்கும் இது முடியும், கேட்டில் நெரிசல் உடனே குறையும். ஆனால் அந்த 100 மீட்டர் நடக்கத் தகுந்ததா என்று சிவப்புப் புள்ளிகளில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து நடப்பது, முறை வைத்து ஒரு பெரியவர் கூட வருவது. நாய் பயமும் சந்து பயமும் கூட்டத்தில் பாதியாகும்.

சைக்கிள் பஞ்சர் நாள். மேல்நிலைப் பள்ளி என்றால் 11-ஆம் வகுப்பில் கொடுத்த அரசு சைக்கிள்கள் நிறைய வீட்டில் காற்றில்லாமல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஊர் சைக்கிள் கடைக்காரரை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்து வந்தால் டியூப், பிரேக் கட்டை, செயின் மூன்றிலேயே பெரும்பாலானவை ஓடத் தொடங்கிவிடும். பள்ளியில் நிழலான ஸ்டாண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் காயும் சீட்டில் மாலை யாரும் உட்கார மாட்டார்கள்.

பஸ் நேரம். நாலாவது படியில் எடுத்த பட்டியலோடு, எத்தனை பிள்ளைகள், எந்த நிறுத்தம், எத்தனை நிமிடம் முன்னால் வந்தால் போதும் என்று பணிமனைக் கிளை மேலாளருக்கு மனு எழுதுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். "பஸ் வசதி செய்து தரவும்" என்ற மனுவைவிட "எட்டே முக்கால் பஸ் எட்டரைக்கு வந்தால் 34 பிள்ளைகள் ஏறுவார்கள்" என்ற மனுவுக்குப் பதில் சொல்வது மேலாளருக்கும் எளிது.

9. பெற்றோரும் உள்ளாட்சியும்

வாசலில் பெற்றோரை மறித்து அறிவுரை சொல்லப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். இரண்டு பிள்ளைகள் சார்ட்டைக் காட்டி எண்களை வாசிக்கட்டும். நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

சாக்கடை மூடி, தெருவிளக்கு, வேகத்தடை இவை பிள்ளைகளால் தீர்க்க முடியாதவை. கிராம ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும் வார்டு உறுப்பினருக்கும், நகராட்சியில் ஆணையருக்கும் மனு. புள்ளி வைத்த வரைபடத்தின் நகலை இணையுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

10. மறுபடி எண்ணுங்கள்

ஆறு வாரம் கழித்து, அதே வகுப்பு, வாரத்தின் அதே கிழமை, அதே கேள்வி, அதே கண்மூடல். கேட்டிலும் அதே அரை மணி நேரம். கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் இரண்டு கணக்கையும் ஒப்பிட முடியாது.

எண் மாறவில்லையென்றால் அப்படியே எழுதுங்கள். ஏன் மாறவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டால், மனு கொடுத்த பஸ் இன்னும் தாமதமாகத்தான் வருகிறது என்று அவர்களே சொல்வார்கள். அடுத்த மனுவுக்கு அந்தப் பதில் போதும்.

எல்லாத் தாள்களையும் ஒரு ஃபைலில் போட்டு அந்த ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். கேள்வித்தாள், எண்ணிய படிவம், மனு நகல், ஒப்புகைச் சீட்டு நான்கும் அதில் இருக்க வேண்டும். ஜூனில் புது ஏழாம் வகுப்பு வரும்போது அவர் முதல் வாரத்திலேயே இரண்டாவது படியைத் தொடங்கிவிடலாம்.